‘பிங்’ என்ற சொல்லை முதலில் எங்கே கேட்டீர்கள்?

கறுப்புத்திரை:

2006. சென்னை பெருங்குடியில் ஒரு சப்போர்ட் வேலை. சேர்ந்து மூன்றாம் நாள், சீனியர் மேடம் தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: “தம்பி, அந்த சர்வரை பிங் பண்ணிப் பாருப்பா.” என் காதில் ‘பின்’ என்றுதான் விழுந்தது. பவ்யமாக எழுந்து போய், “மேடம், பின் நம்பர் யார்கிட்ட வாங்கணும்?” என்றேன். இரண்டு வரிசை சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் என் இடத்துக்கு வந்து, கறுப்புத் திரையைத் திறந்து, நான்கு எழுத்தையும் அந்த சர்வரின் முகவரியான ஐபி எண்ணையும் தட்டினார். ‘ரிப்ளை ஃப்ரம்’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு வரிகள் விழுந்தன, ஒவ்வொன்றிலும் பதில் வர ஆன ‘டைம்’ மில்லி செகண்டில். “இருக்கியான்னு கேட்டோம், இருக்கேன்னு சொல்லுது. அவ்வளவுதான்.”

அதற்கு ஏன் பிங் என்று பெயர் என்பதை டீக்கடையில்தான் சொன்னார். “நீர்மூழ்கிக் கப்பல் படத்துல வருமே, அந்தச் சத்தம்.”

பிற்பாடு தேடிப் படித்தேன், அவர் சொன்னது சரிதான். 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் என்பவர் நெட்வொர்க் மக்கர் செய்ததால் ஒரே ராத்திரியில் எழுதிய புரோகிராம் அது. கல்லூரியில் சோனார் (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியால் தேடும் கருவி), ரேடார் பக்கம் வேலை செய்தவர். ஒன்றை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருப்பதுதானே இங்கேயும் நடக்கிறது என்று சோனார் சத்தத்தையே பெயராக வைத்துவிட்டார். ‘பாக்கெட் இன்டர்நெட் க்ரோப்பர்’ என்பதன் சுருக்கம் என்று இன்டர்வியூக்களில் ஒப்பிப்பார்கள், நானும் ஒப்பித்திருக்கிறேன். அது பிறகு யாரோ ஒட்டவைத்த விரிவு. மூஸே சுருக்கம் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்.

அவர் கேள்விப்பட்டதாக எழுதிய ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓர் ஆபீஸில் கேபிள் எங்கோ விட்டுவிட்டு வேலை செய்திருக்கிறது. நெட்வொர்க் ஆள், ஒவ்வொரு பதில் வரும்போதும் கம்ப்யூட்டர் ‘பிங்’ என்று வாய்விட்டுச் சொல்லும்படி செய்து, அதை ஸ்டீரியோவில் இணைத்து முழுச் சத்தத்தில் வைத்தாராம். நொடிக்கு ஒரு பிங் அலற, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கனெக்டராக ஆட்டிப் பார்த்திருக்கிறார். சத்தம் நின்ற இடத்தில் கோளாறு!

இதற்கெல்லாம் முன்னால், 1830களில், ஆங்கிலத்தில் பிங் என்றால் துப்பாக்கிக் குண்டு எதிலாவது பட்டுத் தெறிக்கும் சத்தம். சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

கடலோடி:

சினிமா பார்த்துக் கெட்டவன் நான். தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பலில் கேடட்டாக ஏறிய முதல் வாரம், எதிரொலியை வைத்துக் கடல் ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டரை ஆன் பண்ணச் சொன்னார்கள். ‘பிங்ங்ங்...’ வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை, திரையில் கோடு மட்டும் ஓடியது. “சார், சவுண்டு வரலையே, ரிப்பேரா?” என்று செகண்ட் ஆபீசரிடம் கேட்டேன். “மீனுக்கே கேக்காதுடா, உனக்கு எப்படிக் கேக்கும்?”

மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எங்கள் கருவி ஓடியது 50இல். கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். எதிரொலி பத்தில் ஒரு நொடியில் திரும்பினால் அடியில் 75 மீட்டர் தண்ணீர் என்று கணக்கு. படத்தில் வரும் சத்தம் போர்க்கால சோனாரில் ஹெட்போனில் கேட்பதற்காக மாற்றிக் கொடுத்தது.

2014இல் மலேசிய விமானம் எம்ஹெச்370 காணாமல் போனபோது நான் லீவில் வீட்டில் இருந்தேன். “பிங் கேட்டது” என்று டிவியில் ஓயாமல் சொன்னார்கள். கறுப்புப் பெட்டியின் ஒலிப்பான் 37.5 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு ஒரு தரம் துடிக்கும், அன்றைய விதிப்படி பேட்டரி 30 நாள் வரும். விமானம் செயற்கைக்கோளுக்கு மணிக்கொரு தரம் தந்த ரேடியோ பதிலையும் பிங் என்றே சொன்னார்கள். அதில் ஒலியே கிடையாது. “சத்தம் கேட்டுச்சாமே, அப்ப உசுரோட இருப்பாங்களா?” என்று அம்மா கேட்டார். கிலோஹெர்ட்ஸையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? தெரியலம்மா என்று எழுந்து போய்விட்டேன்.

பழைய பைக்காரன்:

எனக்கு ஏற்காடு மலைப்பாதை. கியரைக் குறைக்காமல் நாலாவதிலேயே இழுத்தால் என் பைக் இன்ஜினுக்குள் தகர டப்பாவில் கோலிக்குண்டு குலுக்குவதுபோல் சத்தம் வரும். தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன்பே ஓர் ஓரத்துப் பெட்ரோல் கலவை தானாக வெடிப்பதால் வருவது. அமெரிக்கர்கள் அதைப் பிங் என்பார்கள், பிரிட்டிஷ்காரர்களுக்கு அதே சத்தம் ‘பிங்க்கிங்’. எங்கள் சேலத்து மெக்கானிக்குக்கு ஒரே சொல்தான்: “நாக்கிங் ஆவுதுண்ணே, கியரை எறக்குங்க.” எனக்கு அது ஒருநாளும் பிங் என்று கேட்டதில்லை.

செல்லுலாய்டு:

பிங்-பாங்கை யாருமே சொல்லவில்லையே! 1900 வாக்கில் செல்லுலாய்டு பந்து வந்த புதிதில், மட்டையில் தோலை மேளம் மாதிரி இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதில் பட்டால் நிஜமாகவே பிங், பாங். பெயர் வணிக முத்திரையாகப் போய்விட்டது, அதனால்தான் 1926இல் சர்வதேசச் சம்மேளனம் ‘டேபிள் டென்னிஸ்’ என்று வைத்துக்கொண்டது. சீன எழுத்தில் இன்னும் வேடிக்கை. போர்வீரனைக் குறிக்கும் எழுத்துக்குக் கீழே இரண்டு கால் மாதிரிக் கோடுகள் உண்டு. ஒரு காலை எடுத்தால் பிங், மறு காலை எடுத்தால் பாங். இப்போதைய ரப்பர் மட்டையில் ‘டொக் டொக்’தான்.

கறுப்புத்திரை:

கடலோடி அண்ணே, அம்மா கேட்ட கேள்வி மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நம் ஆட்கள் காதில் இது எப்படி விழுகிறது என்று வீட்டில் சோதித்தேன். போனில் மெசேஜ் வந்தால் என் அம்மாவுக்கு ‘டொய்ங்’, பையனுக்கு ‘டிங்’. ஆபீஸில் எல்லோரும் “பிங் பண்றேன்” என்கிறோம், போன் எல்லாமே சைலன்டில்.

இந்த இழையைத் தொடங்கிய அன்று அந்த மேடத்துக்கு வாட்ஸாப்பில் ‘பிங்’ என்று ஒரே சொல் அனுப்பினேன். ரிட்டயர் ஆகி மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டு நாள் கழித்து, இன்று காலை பதில் வந்தது: “இருக்கேன்பா. டைம் 17,28,00,000 மில்லி செகண்ட். பின் நம்பர் கிடைச்சுதா?”