மணிக்கூடும் படமும் வைத்த காட்சியறை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் பெரியப்பா வீட்டு முன் அறையில் அவருடைய பழைய சுவர் மணிக்கூடுகளையும் ஊர்ப் பிள்ளைகள் வரைந்த படங்களையும் பார்வைக்கு வைத்திருக்கிறோம். வருகிற ஆட்கள் பன்னிரண்டு மணி அடிப்பதைக் கேட்கத்தான் காத்து நிற்கிறார்கள், படங்களை யாரும் நின்று பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் கவலை. மணிக்கூடுகளும் ஒன்றாக அடிப்பதில்லை. வன்னி வெயிலில் ஊசல் தண்டு நீண்டு பிந்தும், 10 பாகை செல்சியஸ் கூடினால் பித்தளைத் தண்டுக்கு நாளுக்கு 8 செக்கன் அளவில். முன்னும் பின்னுமாக அடிப்பதுதான் அழகு என்கிறார் பெரியப்பா, சரி, விட்டுவிட்டேன்.

இப்படியான சின்ன அருங்காட்சியகங்களுக்குப் போனவர்கள் சொல்லுங்கள், உங்களை நிற்க வைத்தது எது? படங்களை மணிக்கூடுகளுக்கு நடுவில் மாட்டலாமா, தனிச் சுவர் நல்லதா? அப்புறம், வவுனியாப் பக்கம் சாவி கொடுக்கிற மணிக்கூடு திருத்துகிற ஆள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.