ராத்திரி ஒரு சொட்டு: கண் பிரஷரை இது எப்படிக் குறைக்குது?

அம்மாபேட்டை_மகள்:
அம்மாவுக்கு 64 வயசு. பிரஷர் ஒரு கண்ணுல 26, இன்னொண்ணுல 27. கிளாக்கோமா (பார்வை நரம்பு கெடற நோய்) ஆரம்ப நிலைன்னு சொல்லி லட்டனோப்ராஸ்ட் 0.005% எழுதிக் கொடுத்தாங்க, ரெண்டு கண்ணுலயும் ராத்திரி ஒரு சொட்டு. ஒரு வாரம் ஆச்சு. கண்ணு லேசா சிவந்திருக்கு, பார்வையில ஒரு மாற்றமும் இல்லை. "வேலை செய்யலைன்னா காலையிலயும் ஒரு சொட்டு விடு"ங்கறாங்க பக்கத்து வீட்டுல. விடலாமா? உள்ள போய் இது என்னதான் பண்ணுது? இந்த வெயிலுக்கு பாட்டிலை எங்க வைக்கறது?

மூக்கனேரிக்கரை:
காலையில விடாதீங்க. இந்த மருந்தை அதிக தடவை போட்டா பிரஷர் குறையற அளவே குறைஞ்சு போகலாம். காரணம் புரியணும்னா வடிகால்ல இருந்து வரணும்.

கண்ணுக்குள்ள நிமிஷத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் நீர் ஊறிக்கிட்டே இருக்கு (கண்ணீர் வேற, அது வெளிய சுரக்கறது). வெளியேற ரெண்டு வழி. பெரும்பகுதி ஐரிஸ் (கண்ணுல நிறமுள்ள வளையம்) ஓரத்துல இருக்கற சல்லடை மாதிரியான திசு வழியா ஷ்லெம் கால்வாய்க்குப் போய் ரத்தக்குழாய்ல சேருது. மிச்சம் சிலியரி தசை (ஐரிஸுக்குப் பின்னால லென்ஸைச் சுத்தி இருக்கற தசை) நார்களுக்கு நடுவுல கசிஞ்சு கண்ணோட பின்பக்கமா போகுது. ஏரியில மதகு வழியா ஓடற தண்ணி ஒண்ணு, கரை மண்ணுல கசியற தண்ணி இன்னொண்ணு இல்லையா, அப்படித்தான். டிமோலால்னு இன்னொரு கிளாக்கோமா சொட்டு இருக்கு, அது மாதிரி மருந்து ஏரிக்கு வர்ற வரத்தைக் குறைக்கும். லட்டனோப்ராஸ்ட் வரத்தைத் தொடாது, முக்கியமா இந்தக் கசிவு வழியைத்தான் பெருசாக்கும்.

சொட்டுல இருக்கற மருந்து அப்படியே வேலை செய்யாது. கருவிழியைக் கடக்கும்போது அங்க இருக்கற என்சைம் அதை உடைச்ச பிறகுதான் வீரியமுள்ள அமிலமா மாறும். அது சிலியரி தசையில எஃப்.பி. ஏற்பியை (மருந்து வந்து ஒட்டற இடம்) தூண்டும். தசை நார்களுக்கு நடுவுல இருக்கற கொலாஜன்ங்கற நார்ப் புரதத்தைக் கரைக்கற என்சைம்கள் கூடும், இடைவெளி அகலும், நீர் சுலபமா போகும். சொட்டு விட்ட 3, 4 மணி நேரத்துல பிரஷர் இறங்க ஆரம்பிச்சு, 8 முதல் 12 மணி நேரத்துல அதிகபட்சம் இறங்கும். திசுவே மாறணும்கறதால முழுப் பலனைப் பார்க்க 3, 4 வாரம் விடுங்க. வழக்கமா 25 முதல் 33 சதவீதம் குறையும். 26 இருந்தா 18, 19 பக்கம் வரணும்.

பார்வையில மாற்றம் தெரியாது, தெரியவும் கூடாது. பார்வை நரம்பு மேலும் கெடாம காக்கறதுதான் நோக்கம். வேலை செய்யுதான்னு கண் பிரஷரை அளக்கற டோனோமீட்டர்தான் சொல்லும். செக்கப் அன்னிக்கு முந்தின ராத்திரி சொட்டைப் போட மறந்துடாதீங்க, மறந்தா அளவு தப்பா வரும்.

ஏற்காடு_காப்பி:
வைக்கற இடத்தைப் பத்தி. பிரிக்காத லட்டனோப்ராஸ்ட் பெரும்பாலும் 2–8 டிகிரியில, பிரிச்ச பிறகு 25 டிகிரிக்குள்ள. சேலத்துல மே மாசம் வீட்டுக்குள்ளயே 25 தாண்டிடும், அதனால பிரிச்ச பிறகும் ஃபிரிட்ஜ் கதவுல வைங்க. ஃப்ரீசர்ல வேண்டாம், உறையக் கூடாது. சில கம்பெனி மருந்து அறை வெப்பத்துலயே இருக்கலாம்னு லேபிள்லயே இருக்கும், அதைப் பார்த்துக்கங்க. பிரிச்ச தேதியை பாட்டில்ல எழுதுங்க. 4 வாரமா 6 வாரமான்னு லேபிள் எதைச் சொல்லுதோ அதோட தூக்கிப் போட்டுடணும், மிச்சம் இருந்தாலும்.

மலைக்கு எடுத்துட்டுப் போறவங்க வண்டி டிக்கியில வைக்காதீங்க. ஐஸ் வச்ச பையில, பாட்டிலைத் துணியில சுத்தி, ஐஸ் நேரா படாம வைங்க.

விடற முறையிலதான் பாதிப் பேர் தப்பு பண்றாங்க. படுத்துக்கிட்டு, கீழ் இமையை இழுத்து, உண்டாகற பையில ஒரே ஒரு சொட்டு. முனை இமையில படக் கூடாது. கண்ணை மெதுவா மூடி, கண்ணோட மூக்குப் பக்க ஓரத்துல விரலை 2 நிமிஷம் அழுத்தணும். அந்தப் பை ஒரு சொட்டையே முழுசா தாங்காது, ரெண்டாவது சொட்டு கன்னத்துலதான் ஓடும். வழிஞ்சதை உடனே துடைங்க, இல்லாட்டி இமைத் தோல் கறுக்கும். வேற சொட்டு மருந்தும் இருந்தா 5 நிமிஷ இடைவெளி. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்தது குளிர்ச்சியா இருக்கறதால சொட்டு விழுந்தது தெரியும், கை நடுங்கறவங்களுக்கு அது ஒரு லாபம்.

அம்மாபேட்டை_மகள்:
ஒரு நாள் மறந்துட்டா? சிவப்பு?

மூக்கனேரிக்கரை:
மறந்த நாளைக்கு ஈடா அடுத்த நாள் ரெண்டு சொட்டு வேண்டாம், வழக்கம்போல ஒண்ணே போதும். லேசான சிவப்பு முதல் சில வாரத்துல பெரும்பாலும் தணியும். இமை முடி நீளறது, தடிக்கறது இயல்பு, மருந்தை நிறுத்தினா பழையபடி ஆகும். ஐரிஸ் நிறம் கறுத்தா திரும்பாது, ஆனா நம்ம ஊர் கருப்புக் கண்ணுல அது கண்ணுக்கே தெரியாது. புரை ஆபரேஷன் ஆனவங்க, கண் உள்வீக்கம் வந்தவங்க டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடணும்.

செவ்வாய்பேட்டை_பார்மசி:
ஒண்ணே ஒண்ணு சேர்க்கறேன். திடீர்னு கண் வலி, வாந்தி, விளக்கைச் சுத்தி வளையம், பார்வை மங்கல் எல்லாம் சேர்ந்து வந்தா சொட்டு விட்டுட்டுக் காத்திருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி. இன்னொரு விஷயம், பேர்ல 'டி' சேர்ந்த லட்டனோப்ராஸ்ட் பாட்டிலைக் கடையில மாத்திக் கொடுத்துட்டா வாங்காதீங்க. அதுல பெரும்பாலும் டிமோலால் கலந்திருக்கும், வீசிங் இருக்கறவங்களுக்கு ஆகாது.