புதுப்பிப்பு: லெக்சிங்டன் விமானியின் பெட்டி, விடை கிடைத்தது

பக்கத்து வீட்டு அம்மாவின் அப்பா அமெரிக்கக் கடற்படை விமானி. இரண்டாம் உலகப் போரில், 1942 மே 8 அன்று பவளக்கடல் சண்டையில் மூழ்கிய லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து தப்பியவர் என்பது குடும்பப் பேச்சு. அவர் விட்டுப்போன பெட்டியை வைத்துக்கொண்டு இதை உறுதிசெய்ய முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். முடிந்தது. வழி சொன்னவர்களுக்கு நன்றி.

கப்பலின் ஆள்பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். அதில் மாலுமிகள்தான் வருவார்கள், அதிகாரிகள் வரமாட்டார்கள்.

கைகொடுத்தது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கேட்டுப் பாருங்கள் என்று இங்கே சொன்ன யோசனைதான். பணியை விட்டு 62 ஆண்டு கடந்தவர்களின் பணிக்கோப்பை அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் யாரும் கட்டணம் கட்டிப் பெறலாம். பணிக்கோப்புகள் இருந்த கட்டடத்தில் 1973-இல் பிடித்த தீயில் எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படைக் கோப்புகள் தப்பிவிட்டன. இவருடையதில் லெக்சிங்டனுக்கு அனுப்பிய உத்தரவு இருந்தது. கூடவே, கப்பலோடு போன உடைமைகளுக்கு இழப்பீடு கேட்டு அவரே எழுதிய பட்டியல்: சீருடைகள், காலணி, சவரப்பெட்டி, ஒரு கேமரா. அந்தத் தாளைத்தான் மகள் திரும்பத் திரும்பப் படித்தார்.

பெட்டியில் இருந்த பறப்புப் பதிவேடு (அவர் பறந்த நேரங்களைக் குறித்த ஏடு) 1942 ஜூனில்தான் தொடங்கும் மர்மமும் தீர்ந்தது. பழையது மூழ்கிவிட்டது. புதியதன் முதல் பக்கத்தில் முந்தைய மணிக்கணக்கை மொத்தமாக ஏற்றியிருக்கிறார்கள்.

எதிர்பாராதது, பெட்டியில் இருந்த விமானத்துக் கடிகாரம். முகப்பில், இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள். இப்போது இருட்டில் ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு குறைந்துவிடவில்லை, அது பாதியாகக் குறையவே 1600 ஆண்டு ஆகுமே! கண்ணாடியைக் கழற்றாதீர்கள், சுரண்டாதீர்கள். நாங்கள் உறையிலிட்டுத் தனியே வைத்துவிட்டோம்.