சிங்கிள் பேயர் எண்டால் என்ன? எங்கட அரசாங்க ஆஸ்பத்திரியும் அதுக்குள்ள வருமோ?

நெடுங்கேணி:

எங்கட சனசமூக நிலையத்தில அடுத்த மாசம் வைத்தியச் செலவு பற்றி ஒரு கலந்துரையாடல் இருக்கு. கனடாவைப்போல இங்கயும் எல்லாருக்கும் ஒரு பொதுக் காப்புறுதி வேணும் எண்டு ஒரு பகுதி சொல்லுது. இங்க இருக்கிறதே அதுதான், புதுசா ஒண்டும் தேவையில்லை எண்டு மற்றப் பகுதி. எனக்குத் தெளிவாக வேண்டியது இதுதான்: சிங்கிள் பேயர் முறையில காசு ஆரிட்ட இருந்து வந்து ஆரிட்டப் போகுது? கனடாவில காத்திருப்பு ஏன் அவ்வளவு நீளம்? இலவசம் எண்டிருந்தும் கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் மருந்துக்கும் ஸ்கானுக்கும் வெளியில காசு குடுக்க வேண்டி வாறது ஏன்? கட்சி அரசியல் வேண்டாம். முறை எப்பிடி ஓடுது எண்டு சொன்னால் போதும்.

கனகராயன்:

முதல்ல ஒரு குழப்பத்தை விலத்துவம். ஆஸ்பத்திரி ஆற்ற எண்ட கேள்வி வேற, பில்லை ஆர் கட்டுறது எண்ட கேள்வி வேற. சிங்கிள் பேயர் எண்டது ரெண்டாவது கேள்விக்கு மட்டும்தான் பதில். ஒரு நாட்டிலயோ மாகாணத்திலயோ இருக்கிற எல்லாற்ற வைத்தியச் செலவையும் ஒரேயொரு பொது நிதி கட்டும். டொக்டர் தனியாளாக இருக்கலாம், ஆஸ்பத்திரி தர்ம நிறுவனமாக இருக்கலாம்.

கனடாவில அப்பிடித்தான். குடும்ப வைத்தியர்களில அனேகர் அரச ஊழியர் இல்லை. கிளினிக் வாடகை, தாதியின்ர சம்பளம் எல்லாம் அவையின்ர பொறுப்பு. ஆளைப் பாத்து முடிய, கட்டண அட்டவணையில அந்தச் சேவைக்குரிய இலக்கத்தைப் போட்டு மாகாண அரசுக்கு அனுப்புவினம், அங்கயிருந்து காசு வரும். பிரித்தானியா 1948 ஜூலை 5 தொடங்கின முறையில காசும் அரசு, ஆஸ்பத்திரியும் அரசு. இலங்கை அந்தச் சாதி. தைவான் 1995 மார்ச்சில தொடங்கினது கனடாச் சாதி, ஆனால் வரியை விடச் சந்தாவில கூட நிக்குது. ஜேர்மனி இதுக்குள்ள வராது, அங்க பல காப்புறுதி நிதியங்கள் இருக்கு.

எல்லாக் காசும் ஒரே பொது நிதியில, அதாவது ஒரே பெட்டியில இருக்கு எண்டதால வாற பெரிய பலம் பேரம் பேசுறது. மருந்துக் கொம்பனிக்கு அந்த நாட்டில விக்க வேற வாசல் இல்லை எண்டால் விலை இறங்கும். நியூசிலாந்து 1993இல பார்மாக் எண்டொரு நிறுவனத்தை இதுக்கெண்டே உருவாக்கினது. இதின்ர மறுபக்கத்தையும் சொல்லவேணும்: விலை படியாத புது மருந்து அந்த நாட்டுப் பட்டியலுக்குள்ள வர வருசக் கணக்கெடுக்கும், அதுக்காகக் காத்திருக்கிற புற்றுநோயாளிக்கு அந்த வருசங்கள் இல்லை.

அடுத்தது எழுத்து வேலை. பல காப்புறுதிக் கொம்பனி இருக்கிற இடத்தில ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு படிவம், ஒவ்வொரு முன்னனுமதி. அதைப் பாக்கிறதுக்கே ஆஸ்பத்திரியில தனிப் பகுதி வேணும். ஒரு பெட்டி எண்டால் ஒரு படிவம். சீனி வருத்தக்காரர், வயசு போனவர் எண்டு ஆரையும் கழிச்சு விடவும் ஏலாது.

இனிக் காத்திருப்பு. கனடாவில டொக்டருக்குச் சேவைக்குச் சேவை காசு, ஆஸ்பத்திரிக்கோ பெரும்பாலும் வருசத்துக்கு ஒரு மொத்த ஒதுக்கீடு. அப்ப சத்திரசிகிச்சை வைத்தியருக்கு அடுத்த நோயாளி வருமானம், ஆஸ்பத்திரிக்கு அதே ஆள் செலவு. ஒதுக்கீடு இறுகினால் சத்திரசிகிச்சைக் கூடம் நேரத்தோட பூட்டுப்படும். எம்.ஆர்.ஐ. மெசின் இருந்தாலும் இரவு அதை இயக்கிற ஆளுக்குச் சம்பளம் இல்லையெண்டால் அது சும்மா நிக்கும். மாரடைப்பும் விபத்தும் உடன உள்ள போகும். முழங்கால் மாத்துறது, கண்புரை, அவசரமில்லாத ஸ்கான் எல்லாம் வரிசையில பின்னுக்குத் தள்ளுப்படும். காசு உள்ளவனை முன்னுக்கு விடாத முறையில வரிசைதான் பங்கீடு செய்யுது. அது நியாயமான பங்கீடு எண்டுதான் நான் நினைக்கிறன், ஆனால் வலியோட நிக்கிற ஆளுக்கு அது சின்ன விசயம் இல்லை.

ஸ்காபரோ வாசி:

கனகராயன் சொன்னது சரி. இங்கே கனடாவில் உள்ள சட்டத்தை மட்டும் சேர்க்கிறேன். இது ஒரே நாளில் வந்த முறை அல்ல. சஸ்காச்சுவான் மாகாணம் 1947இல் ஆஸ்பத்திரிச் செலவை எடுத்தது, 1962இல் வைத்தியர் கட்டணத்தையும் எடுத்தது. அப்போது வைத்தியர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டணம் தருவது ஒரே ஆள் என்றால் அவரோடு முரண்படும்போது எல்லாச் சேவையும் ஒன்றாக நிற்கும். இந்தப் பலவீனம் இலங்கைக்கும் பொருந்தும். இப்போது நடப்பில் உள்ளது 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம். ஒரு மாகாணத்தில் நோயாளியிடம் மேலதிகக் கட்டணம் வாங்கினால், அந்தத் தொகையை டொலருக்கு டொலர் மத்திய அரசு தன் கொடுப்பனவில் கழிக்கும். சட்டத்தின் பல் அதுதான்.

வன்னியில் இருக்கிறவர்கள் தவறாக விளங்கிக்கொள்வது “கனடாவில் எல்லாம் இலவசம்” என்பதை. வைத்தியரும் ஆஸ்பத்திரியும்தான் இலவசம். வெளியே பாமசியில் எடுக்கும் மருந்து, பல், கண்ணாடி பெரும்பாலும் இதற்குள் இல்லை. வேலைத்தலக் காப்புறுதி அல்லது கைக்காசு. ஒன்ராறியோவில் 65 வயதுக்கு மேல் மருந்துக்கு மாகாணத் திட்டம் உண்டு, அதிலும் ஒரு சிறு பங்கு கட்டவேண்டும். அவசியமான அம்புலன்ஸ் பயணத்துக்கே 45 டொலர் வரும். அதோடு வருமானத்தைப் பொறுத்து வருடம் 900 டொலர் வரை சுகாதாரப் பிரிமியம் வரியோடு அறவிடுவார்கள்.

ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் அம்மா அப்பாவுக்கு மாகாணத்தின் சுகாதார அட்டை கிடையாது. சுப்பர் விசாவில் வருவதானால் ஒரு வருடத்துக்குக் குறையாமல், 100,000 டொலருக்குக் குறையாமல் தனியார் காப்புறுதி எடுத்தே வரவேண்டும். முன்பே இருந்த இருதய வருத்தம், சீனி, பிரஷர் பற்றிப் படிவத்தில் மறைத்தால், பில் வரும் நாளில் கொம்பனி கைவிரித்துவிடும். அந்தப் பத்தியை விளங்கி நிரப்புங்கள்.

நெடுங்கேணி:

ரெண்டு பேருக்கும் நன்றி. அப்ப தைவான் மாதிரிச் சந்தா கட்டுற முறை எங்கட பக்கத்துக்குச் சரிவருமோ? இங்க வயலும் கடலும் கூலியும்தானே.

முத்தையன்கட்டு:

தைவான் கணக்கைப் பாருங்கோ. தனியார் கொம்பனியில வேலை செய்யிறவருக்குச் சந்தாவில 30 வீதம் அவர், 60 வீதம் முதலாளி, 10 வீதம் அரசு. விவசாயிக்கும் மீனவருக்கும் 30 வீதம் அவை, மிச்சம் 70 வீதம் அரசு. வறுமைக் குடும்பத்துக்கு முழுக்க அரசு. விளங்குதே? சம்பளச் சீட்டு இல்லாத இடத்தில சந்தா முறையும் சுத்திப்போய் வரியிலதான் வந்து நிக்கும். கால போகம் அழிஞ்ச வருசம் விசுவமடுவிலயும், கடல் அடைச்ச மாசம் முள்ளிவாய்க்காலிலயும் ஆர் போய்ச் சந்தா பிரிக்கிறது? பிரிக்கிற அலுவலகத்துக்கே ஒரு செலவு. சனம் 18 வீத வற் வரியாக அந்தக் காசை ஏற்கெனவே கட்டுது. வற் ஏழைக்குக் கூடச் சுடுற வரி எண்டது உண்மை, ஆனால் அதைத் திருத்திற இடம் வரிச் சட்டம்.

தைவானில இன்னொரு நுணுக்கம் இருக்கு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் காசுக்குப் பதிலாப் புள்ளி. வருச மொத்தத் தொகை முதலே முடிவு. ஆஸ்பத்திரிகள் தேவையில்லாமல் ஸ்கானும் மருந்தும் கூட்டினால் புள்ளிகள் பெருகி, ஒரு புள்ளியின்ர பெறுமதி ஒரு தைவான் டொலருக்குக் கீழ விழும். செலவு கட்டுப்படும். ஆனால் ஆளுக்காள் முந்திப் புள்ளி சேர்க்கப் பாக்கிறதால ஒரு நோயாளிக்குக் கிடைக்கிற நிமிசம் குறையும்.

இனி எங்கட கதை. இலங்கையில பொதுப் பெட்டி ஒண்டு இருக்கு, ஆனால் அது ஒரே பெட்டி இல்லை. நாட்டின்ர மொத்தச் சுகாதாரச் செலவில அரைவாசிக்குக் கிட்ட சனத்தின்ர கைக்காசு. வாட்டில தங்கிறது, சத்திரசிகிச்சை, பிரசவம், தடுப்பூசி எல்லாம் பெரும்பாலும் அரசு. சனலிங் (தனியார் இடத்தில காசு குடுத்து விசேட வைத்தியரைப் பாக்கிறது), இரத்தப் பரிசோதனை, ஸ்கான், துண்டு எழுதித் தாற மருந்து எல்லாம் சட்டைப்பை. அதால சிங்கிள் பேயர் எண்டு சொன்னால் கணக்குப் பிழைக்கும்.

மருந்து ஏன் முடியுது? கொழும்பில மருந்து வழங்கல் பிரிவு, அங்கயிருந்து மாவட்டக் களஞ்சியம், அங்கயிருந்து மல்லாவி, புதுக்குடியிருப்பு எண்டு ஆதார வைத்தியசாலைகள், பிறகு சின்னப் பிரதேச வைத்தியசாலைகள். ஒவ்வொரு படியும் வருச மதிப்பீடு போடும், பெரும்பாலும் போன வருசப் பாவனையை வைச்சு. போன வருசம் ஒரு மருந்து நாலு மாசம் இல்லாமல் இருந்தால் பாவனைக் கணக்கு எட்டு மாசத்துக்குத்தான் காட்டும். அதை அப்பிடியே திருப்பி அனுப்பினால் இந்த வருசமும் நாலு மாசம் இல்லாமல் போகும். இருப்பில்லாத நாட்களைக் கழிச்சு மாத சராசரி எடுக்கவேணும்: எட்டு மாசத்தில 24,000 குளிசை போனால் மாசத் தேவை 3,000, வருசத்துக்கு 36,000. எழுதினது 24,000 எண்டால் பிழை அங்கதான்.

மற்றது, ஒருத்தர்தான் வாங்கிறவர் எண்டால் ஒரு ரெண்டர் பிந்தினாலும் நாடு முழுக்கக் காயும். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின்ர காலத்தில, 1971இல, அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கி, கொம்பனிப் பெயரில இல்லாமல் மருந்தின்ர பொதுப்பெயரில மொத்தமா வாங்கினதால விலை விழுந்தது. அது இந்த நாடு உலகத்துக்குக் காட்டின வழி. 2022இல டொலர் இல்லாமல் போக, அதே ஒற்றைக் குழாய் ஒரேயடியா வத்தினதையும் கண்டம்.

போக்குவரத்தை மறக்கக்கூடாது. 1990 எண்ட இலக்கத்துக்கு அடிச்சால் வாற அம்புலன்ஸ் இலவசம், ஆனால் அவசரத்துக்குக் கொண்டுபோறதுக்குத்தான். முல்லைத்தீவில இருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை 100 கிலோமீற்றருக்கு மேல. மாசக் கிளினிக்குக்குப் போய்வர ரெண்டு பேருக்கு பஸ் காசு, கூடப்போறவரின்ர ஒரு நாள் கூலி. இதை எந்த நாட்டுப் பெட்டியும் ஒழுங்காக் கணக்கில எடுக்கிறதில்லை. அதால கிளினிக்கைக் கிட்டக் கொண்டுவாறது காப்புறுதி அட்டையை விடப் பெரிய உதவி.

நெடுங்கேணி, உங்கட கூட்டத்தில நான் கேக்கச் சொல்லுற கேள்வி ஒண்டுதான்: புதுப் பெட்டி திறக்கிற காசை, இருக்கிற பெட்டியில ஆய்வுகூடத்துக்கும் மருந்துக்கும் போட்டால் எவ்வளவு கைச்செலவு குறையும்?

கனகராயன்:

முத்தையன்கட்டு சொன்ன மதிப்பீட்டுக் கணக்கை ஒரு தாளில எழுதிக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கோ. துண்டு மருந்து பற்றியும் சனத்துக்குச் சொல்லுங்கோ: வெளியில வாங்கச் சொன்னால், அதே மருந்து மாவட்டத்தில வேற ஆஸ்பத்திரியில இருக்கோ எண்டு முதல்ல மருந்தாளரிட்டக் கேக்கலாம், மாவட்டக் களஞ்சியத்துக்கு அது தெரியும். இல்லையெண்டால் துண்டில கொம்பனிப் பெயரோட பொதுப்பெயரும், எத்தனை மில்லிகிராம் எண்டும் எழுதுவிச்சு எடுங்கோ. பொதுப்பெயர் இருந்தால் அரச மருந்துக்கடையான ஒசுசலவில விலை குறைஞ்சதைக் கேட்டு வாங்கலாம். முழு மாசத்துக்கும் காசு இல்லாட்டி ஒரு கிழமைக்கு எடுத்துப்போட்டு, இருப்பு வந்திட்டுதோ எண்டு ஆஸ்பத்திரியில திரும்பக் கேளுங்கோ. பிரஷர், சீனிக் குளிசையை மட்டும் காசு இல்லையெண்டு இடையில விட வேண்டாம்.