ஆறடி ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), மூன்று வாரமாகப் பவளம் எதுவுமே விரியவில்லை. என்ன தவறு செய்கிறேன்?

வண்ணை_ரீஃப்

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் டேங்க், கீழே சம்ப் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டி), எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 700 லிட்டர் ஓடுகிறது. வீடு தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். மாடியில் அந்தத் தேக்கு உத்தரங்கள் மேல் ஒரு டன் எடையை ஏற்றப் பயமாக இருந்ததால் கீழே தெருப்பக்க ஹாலில், ஜன்னலை ஒட்டி வைத்துவிட்டேன். வைத்து இரண்டு வருடம் ஆகிறது.

உள்ளே இருப்பது எல்லாம் சாஃப்ட் கோரல், அதாவது கல்லாக இறுகாத பவள வகைகள்தான். ஸோவா நான்கைந்து நிறம், மஷ்ரூம், ஸீனியா, அப்புறம் ஒரு பெரிய டோட்ஸ்டூல் லெதர், அதை அம்மா காளான் என்றுதான் சொல்வார்கள், காலையில் எழுந்ததும் அது விரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காபி போடுவார்கள். மீன் என்றால் க்ளௌன் ஜோடி, ஒரு மஞ்சள் டாங், இரண்டு கோபி. மீன்களுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகின்றன.

ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்துதான் பிரச்சினை. முதலில் ஸீனியா சுருங்கியது. அப்புறம் ஸோவா மூடிக்கொண்டன. இப்போது லெதரும் மூன்று வாரமாக உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறது. வெப்பம் 26, சில்லர் சரியாக ஓடுகிறது. உப்பு ஆயிரத்துக்கு 35. நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06. லைட்டைக் குறைத்துப் பார்த்தேன், தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கரைத் திருப்பி வைத்தேன், எதற்கும் அசையவில்லை. கிளீனர் ஷ்ரிம்ப் (இறால்) இரண்டும் செத்துவிட்டன, அவற்றுக்கு வயதாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

உப்பு பாக்கெட் விலை ஏறிவிட்டதால் போன மாதம் ஒரு தடவை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கடல் தண்ணீர் 100 லிட்டர் வாங்கி மாற்றினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு கேள்வி. தெரிந்தவர் ஒருவர் ஹார்ட் கோரல் (கல்லாக இறுகும் பவளம்) துண்டுகள் தருகிறேன் என்கிறார். டேங்க் சரியானதும் வாங்கலாமா?

உப்புத்தண்ணி

முதலில் அந்தக் கடல் தண்ணீர். படகுத்துறை ஓரத்தில் மொண்ட தண்ணீர் என்றால் டீசலும் மீன் கழிவும் கலந்தது. ஆழத்துக்குப் போய்வரும் படகுக்காரர் யாராவது வெளியிலிருந்து கொண்டுவந்தது என்றாலும் இந்த மாதத்தில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் எல்லாம் வங்கக்கடலில் கொட்டுகின்றன, கரையோரத் தண்ணீரில் உப்பு 30க்கும் கீழே போய்விடும். அதுவும் நம் பக்கம் எண்ணூர் முகத்துவாரம் வேறு இருக்கிறது. 2017 ஜனவரியில் அங்கே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கரையில் வாளியில் அள்ளினார்களே, அதை நேரில் பார்த்ததிலிருந்து நான் கடல் தண்ணீரைத் தொடுவதே இல்லை.

இரண்டாவது, உப்பு அளக்கும் உங்கள் ரிஃப்ராக்டோமீட்டரை எதை வைத்துச் சரிபார்க்கிறீர்கள்? ஆர்ஓ தண்ணீர் விட்டுப் பூஜ்யம் காட்டினால் போதாது. 35க்கான அளவைத் திரவம் தனியாக விற்கிறார்கள், அதை விட்டுப் பார்க்க வேண்டும். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35இல் இரண்டு புள்ளி தப்புவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஃபேன் போட்டிருக்கிறீர்களா? சில்லரோடு ஃபேனும் ஓடினால் ஆறடி டேங்கில் ஒரு நாளைக்கு 10 லிட்டர் ஆவியாகும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. மூன்று நாள் டாப்அப் மறந்தால் 35 இருந்தது 36.5 ஆகிவிடும்.

பெரம்பூர்_பவளம்

தம்பி, ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் வகை உப்புகளின் அளவு, எவ்வளவு என்று எழுதவே இல்லையே. சாஃப்ட் கோரல்தானே என்று பலரும் அதைச் சோதிப்பதில்லை. கல்லில் படியும் ஊதாப் பாசி கூடச் சுண்ணாம்பைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 8லிருந்து 9 டிகேஹெச்சுக்குள் (அதை அளக்கும் அலகு) நிறுத்துங்கள். குறைந்திருந்தால் கடையில் கிடைக்கும் ஆப்ப சோடாவே போதும், 700 லிட்டருக்கு 1 டிகேஹெச் ஏற்றச் சுமார் 21 கிராம். ஒரு வாளி ஆர்ஓ தண்ணீரில் கரைத்து ரிட்டர்ன் பம்ப் பக்கம் மெதுவாக ஊற்ற வேண்டும். ஒரே நாளில் 1க்கு மேல் ஏற்றாதீர்கள். எண் கொஞ்சம் குறைந்திருப்பதை விட, எண் மேலும் கீழும் ஆடுவதுதான் பவளத்துக்கு ஆகாது.

டெஸ்ட் கிட் காலாவதி தேதியையும் பாருங்கள். நம் ஊர் வெயிலில் அலமாரியிலேயே கெட்டுவிடும், ஃப்ரிட்ஜ் கதவில் வைப்பது நல்லது.

லெதர் மட்டும் மூடியிருந்தால் கவலைப்படாதே என்று சொல்லியிருப்பேன். அது அவ்வப்போது மெழுகு போல் ஒரு தோலை உரித்துப்போடும், அதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் மூடிக்கொள்ளும். ஆனால் எல்லாமே சேர்ந்து மூடியிருக்கிறது என்றால் தண்ணீரில் என்னமோ இருக்கிறது.

வண்ணை_ரீஃப்

நன்றி அண்ணா. திரவம் வாங்கி வந்து பார்த்துவிட்டேன், உப்புத்தண்ணி சொன்னது சரி. என் கருவி 2 புள்ளி அதிகமாகக் காட்டுகிறது, உண்மையில் டேங்கில் 33தான். ஆல்கலினிட்டி 7.1. இரண்டையும் மெதுவாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நான்கு நாள் ஆகிறது, பவளத்தில் மாற்றம் இல்லை. 33இல் இவ்வளவு மோசமாக மூடுமா?

கடற்குதிரைவாலி

33க்கும் 7.1க்கும் கொஞ்சம் சோர்ந்திருக்கும், மூன்று வாரம் மூடிக்கொண்டு நிற்காது.

எல்லோரும் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஷ்ரிம்ப் இரண்டும் செத்தன என்று எழுதியிருக்கிறார். ஒன்று செத்தால் வயது என்று சொல்லலாம். இரண்டும் எப்போது செத்தன? ஒரே வாரத்திலா? ஹெர்மிட் நண்டுகள் இருக்கின்றனவா? இன்றைக்கு இரவு லைட் அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தூவியதுபோல் சின்னப் பூச்சிகள் ஓடும், கோப்பிபாட் என்று சொல்வோமே, இரண்டு வருட டேங்கில் அவை நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டும். இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள்.

அப்புறம் ஹால் ஜன்னல் தெருப்பக்கம் என்றீர்கள். காற்றை நுரையாக அடித்துக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் எங்கே இருக்கிறது? மாலையில் தெருவில் கொசுப்புகை அடிக்கிறார்களா? வீட்டில் கொசுவர்த்தியோ, பிளக்கில் செருகும் லிக்விடோ ஓடுகிறதா?

வண்ணை_ரீஃப்

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. கண்ணாடி துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. ஹெர்மிட் பன்னிரண்டு விட்டிருந்தேன், இப்போது எல்லாம் வெறும் ஓடுதான். ஷ்ரிம்ப் இரண்டும் நான்கு நாள் இடைவெளியில் போயின.

ஸ்கிம்மர் சம்ப்பில், ஜன்னலுக்கு நேர் கீழே. மழை விட்ட நாட்களில் எல்லாம் மாலை ஆறு மணிக்குப் புகை அடித்துக்கொண்டு போகிறார்கள், ஹாலுக்குள் வந்து அரை மணி நேரம் நிற்கும். பக்கத்து வீட்டில் டெங்கு வந்ததிலிருந்து நாங்களும் ஹாலில் லிக்விட் போட்டுவிட்டுத்தான் தூங்குகிறோம். இதுதான் காரணமா?

கடற்குதிரைவாலி

இதுதான் என்று நினைக்கிறேன். எனக்கும் தண்டையார்பேட்டையில் இதே கதைதான் நடந்தது, கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது, அதற்குள் பாதி டேங்க் போய்விட்டது. அதனால்தான் ஷ்ரிம்ப் என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றேன்.

விஷயம் இதுதான். கொசு மருந்துகளில் பெரும்பாலும் பைரெத்ராய்டு வகைதான் இருக்கும், பிளக்கில் செருகும் லிக்விடில் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். புகையில் வருவது டீசலோடு கலந்தது. கொசுவின் நரம்பைத் தாக்குவதற்காகச் செய்த மருந்து. இறாலும் நண்டும் கோப்பிபாடும் கொசுவோடு ஒரே பெரிய குடும்பம், கணுக்காலிகள், அதனால் அவை முதலில் போகும். மீன் கொஞ்சம் தாங்கும், அதுவும் அளவைப் பொறுத்தது. அறைக்குள் வந்த புகை தண்ணீர் மேல் படிவது கொஞ்சம்தான். ஆனால் ஸ்கிம்மர் மணிக்குப் பல நூறு லிட்டர் காற்றை இழுத்து நுரை நுரையாக அடித்துத் தண்ணீருக்குள் கலக்கிவிடுகிறது. புகை வருகிற அரை மணி நேரத்தில் அது ஹால் காற்றை நேராக டேங்குக்குள் ஏற்றுகிறது. செத்த பூச்சிகளும் புழுக்களும் கல்லுக்குள் அழுகும், அதுவும் பவளத்துக்குச் சுமை.

இன்றே செய்ய வேண்டியவை. நஞ்சை உறிஞ்சும் நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் 400 கிராம், ஆர்ஓ தண்ணீரில் கறுப்பு போகக் கழுவி, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் பையில் கட்டிப் போடுங்கள், ரியாக்டர் (கார்பன் வழியே தண்ணீரைத் தள்ளும் குழல்) இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து நாளைக்கு ஒரு தடவை மாற்றுங்கள். 20 சதவீதம் தண்ணீர் மாற்றம், வாரம் ஒன்று வீதம் மூன்று வாரம், பாக்கெட் உப்பில்தான். 140 லிட்டருக்கு 5 கிலோவுக்கு மேல் பிடிக்கும், செலவுதான், வேறு வழியில்லை.

ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டிப் பின்பக்கம் கொண்டுபோங்கள். உங்கள் மாதிரி பழைய வீட்டில் பின்னால் கிணற்றடி இருக்குமே, அங்கே விடலாம். குழாய் வாயில் கார்பன் நிரப்பிய சின்ன டப்பா ஒன்று. புகை வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலை மூடி ஸ்கிம்மரை இரண்டு மணி நேரம் நிறுத்திவிடுங்கள், வேவ்மேக்கர் ஓடட்டும், காற்று பம்ப் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். ஹாலில் லிக்விட் வேண்டாம், கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. செத்த ஸோவாவைக் கல்லிலிருந்து சுரண்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கல்லை வெந்நீரில் போடவே கூடாது. சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, ஆவியை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது செய்யாதீர்கள்.

கொளத்தூர்_கண்ணாடி

ஹார்ட் கோரல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001லிருந்தே பாறை கட்டும் பவளம் எல்லாமும் இருக்கின்றன, கடல் விசிறி, கறுப்புப் பவளம் கூட. புலியும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. செத்த துண்டாக இருந்தாலும் அதே சட்டம்தான். கல் கூட இனி செயற்கைக் கல்லாக வாங்குங்கள்.

நான் கொளத்தூரில் இருபது வருடமாக மீன் தொழிலில் இருக்கிறேன், சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. என் ஊர் தூத்துக்குடி. சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டி எடுத்த காலத்தை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்குள் இருக்கின்றன. மிச்சம் இருக்கும் பாறைகளும் 2010இலும் 2016இலும் கடல் சூடேறி வெளுத்துப் போயின. அங்கிருந்து உடைத்த துண்டு உங்கள் ஹாலுக்கு வரக்கூடாது. ஸோவாவையும் லெதரையும் ஒரு துண்டிலிருந்து பத்தாக நீங்களே வளர்க்கலாம், அதைக் கேளுங்கள், எப்படி என்று நான் சொல்லித்தருகிறேன்.

வண்ணை_ரீஃப்

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். கார்பன் மூன்று தடவை மாற்றிவிட்டேன், தண்ணீரும் இரண்டு தடவை. உப்பு 35, ஆல்கலினிட்டி 8.3. குழாய் கிணற்றடிக்குப் போய்விட்டது. புகை வண்டி வந்தால் தெரு முனைக் கடை அண்ணன் எனக்கு போன் செய்துவிடுகிறார், நான் வேலையில் இருந்தால் அம்மாவே ஸ்கிம்மர் சுவிட்சை அணைக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் ஸோவாவில் பாதி திறந்தன. ஸீனியா பிழைக்கவில்லை. லெதர் முந்தாநாள் ஒரு தோலை உரித்தது, வேவ்மேக்கரை அதன் பக்கம் திருப்பி அந்தத் தோலை அடித்துப் போகவிட்டேன். இன்று காலை ஓரத்தில் மட்டும் குட்டிக் குட்டியாக விரல்கள் வெளியே வந்திருக்கின்றன, அம்மா என்னை எழுப்பிக் காட்டினார்கள்.

ஹார்ட் கோரல் தருகிறேன் என்றவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொளத்தூர் அண்ணா, லெதர் முழுசாக விரிந்ததும் துண்டு போடும் விஷயம் கேட்கிறேன். கடற்குதிரைவாலி, ஷ்ரிம்ப் எப்போது திரும்ப விடலாம்?

கடற்குதிரைவாலி

அவசரப்பட வேண்டாம். முதலில் யாரிடமாவது கோப்பிபாட் உள்ள கல் ஒரு கைப்பிடி வாங்கிப் போடுங்கள், என்னிடமே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு வாருங்கள். மூன்று வாரம் கழித்து இரவில் கண்ணாடியில் அவை ஓடினால் ஒரே ஒரு ஷ்ரிம்ப் விடலாம்.