மறு: நான்-இன்வேசிவ் ஹீமோகுளோபின் மானிட்டரிங்குக்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம். ரத்தம் எடுக்காமலே, உடலில் மாட்டும் சென்சாரைக் கொண்டு ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் (ஆக்ஸிஜனைச் சுமக்கும் சிவப்புப் புரதம்) எவ்வளவு என்று தொடர்ந்து பார்ப்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் நம் கேள்வி. ஒருவர் முன்வைத்த சொல்லும் அதற்கு என் பதிலும் கீழே.

> ‘ஊடுருவாக் குருதிச்செம்புரத அளவீடு’ என்று வைத்துக்கொள்ளலாமா? துல்லியமான கருவி என்பதால் ‘அளவீடு’ தகும்.

ஐயா, ‘ஊடுருவா’ இங்கே பொருந்தவில்லை. விரலில் மாட்டும் சென்சார் பல அலைநீள ஒளியை விரலுக்குள் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்துத்தான் கணக்குப் போடுகிறது. ஒளி ஊடுருவாவிட்டால் கருவிக்கு வேலையே இல்லை. ‘ஊசியில்லா’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஆபரேஷனுக்காக மயக்கத்தில் இருப்பவர் கையில் ஏற்கெனவே ஊசி ஏறியிருக்கும், குழப்பம்தான் வரும். ‘ஒளிவழி’யும் போதாது. லேபில் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சோதிப்பதும் பெரும்பாலும் ஒளி உறிஞ்சலை வைத்துத்தான்.

என் பரிந்துரை: தோல்வழி ஹீமோகுளோபின் கண்காணிப்பு. பச்சைக் குழந்தையின் நெற்றியில் வைத்துக் காமாலை பார்க்கும் கருவிக்கும் ‘தோல்வழி’ ஒத்துப்போகும். ஹீமோகுளோபினுக்குக் ‘குருதிச்செம்புரதம்’ வேண்டாமே. குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மாவுக்கும் ‘ஹெச்பி கம்மி’ என்றால் புரிகிறது. வேலூரில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் அவர் மகனிடம் போய் செம்புரதத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம் அந்தத் ‘துல்லியம்’. எனக்கு இதில்தான் கவலை அதிகம். 2014-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. லேப் எண்ணுக்கும் கருவி எண்ணுக்கும் சராசரி வேறுபாடு டெசிலிட்டருக்கு 0.1 கிராம்தான். பிரமாதம் என்று தோன்றும். ஆனால் 95 விழுக்காடு வேறுபாடுகள் அடங்கும் எல்லை இருபுறமும் இரண்டரை கிராமைத் தாண்டியது. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்றுவிட்டுச் சராசரியை அழகாக்கிவிட்டன. திரையில் 8 என்றால் உண்மையில் 6 ஆகவும் இருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம். 7-ஐ ஒட்டி ரத்தம் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் இது சின்ன விஷயமா?

ஆகவே ஒரே ‘துல்லிய’த்தில் எல்லாவற்றையும் அடைக்காமல் சாய்வு (சராசரியாக ஒரே பக்கம் விலகுவது, bias), சிதறல் (ஒவ்வொரு எண்ணும் இருபுறமும் எவ்வளவு தள்ளிப் போகிறது என்பது) என்று பிரிப்போம். இந்தக் கருவிக்குச் சாய்வு குறைவு, சிதறல் அதிகம். (கணக்கு வாத்தியார்கள் ‘சாய்வு’ எங்களுடையது, கோட்டின் சரிவுக்கு (slope) வைத்த சொல் என்பார்கள். அவர்களுக்காக ‘ஒருபக்கச் சாய்வு’ என்று நீட்டிக்கொள்ளலாம்.)

இன்னொன்று. ரத்தம் நிறையப் போகும்போதும் உடல் குளிரும்போதும் விரலுக்கு ஓட்டம் குறையும். எண் அவசரமாகத் தேவைப்படுவதும் அப்போதுதான், சென்சார் தடுமாறுவதும் அப்போதுதான். அதனால் கருவி காட்டும் எண்ணின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்து, இறங்குவதுபோல் தெரிந்தால் லேபுக்கு சாம்பிள் அனுப்பி உறுதிசெய்துகொள்வதே பாதுகாப்பு. ‘அளவீடு’ வேண்டாம், ‘கண்காணிப்பு’ போதும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

விரலில் ஒளி செலுத்தி அளக்கும் இந்த முறையின் ஆங்கிலப் பெயரான பல்ஸ் கோ-ஆக்ஸிமெட்ரிக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. ‘நாடித்துடிப்புவழி’ என்று தொடங்கினாலே ரயில் நீளத்துக்குப் போகிறது. யாரிடமாவது சின்னதாக ஏதாவது இருக்கிறதா?