பட்டாளம், நிதி நிறுவனம், அடுத்து வார்டு தேர்தல்: ஆலோசனை வேண்டும்

வணக்கம். என் அண்ணன் ராணுவத்தில் ஓய்வு பெற்று, ஒரு நிதி நிறுவனத்தில் கடன் பிரிவைப் பார்த்தவர். இப்போது அதையும் விட்டுவிட்டு உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போகிறார். தணிக்கை அறிக்கையைக் கையில் கொடுத்தால் எங்கே இடிக்கிறது என்று உடனே சொல்லிவிடுவார். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கச் சொன்னால்தான் உத்தரவு போடுகிற மாதிரி பேச்சு வருகிறது! (கூடப் போகிற எனக்கே பயம்.)

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நோட்டீஸில் சீருடைப் படம் போடலாமா? எனக்கென்னவோ ராணுவத்தையே ஓட்டுக்கு இழுப்பது போலப் படுகிறது. தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கை இப்போதே தொடங்கிவிடலாமா?

முக்கியமாக ஒன்று: அவர் கடன் கொடுத்த ஒப்பந்ததாரர்கள் இதே வார்டில் இருக்கிறார்கள். ஜெயித்தபின் அவர்களுடைய டெண்டர் மன்றத்துக்கு வந்தால், வாக்கெடுப்பில் ஒதுங்கிக்கொண்டால் போதுமா, முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டுமா?